அவர்கள் வீடு கட்டாத பக்கம்

எந்த ஊருக்குச் சுற்றிப் பார்க்கப் போனாலும், அந்த ஊர்க்காரர்கள் எங்கே வீடு கட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் கவனியுங்கள். நான் புவியியல் வாத்தியாராகவே காலத்தைக் கழித்தவன். இது என்னுடைய கிறுக்கு என்று வீட்டில் சொல்வார்கள். கோபுரத்தையும் அரண்மனையையும் கடற்கரையையும் யார் வேண்டுமானாலும் காட்டிவிடுவார்கள். காலியாகக் கிடக்கும் இடத்தை யாரும் காட்ட மாட்டார்கள். அது ஏன் காலியாக இருக்கிறது என்று நாமாகக் கேட்டால்தான், அந்த ஊர் தலைமுறை தலைமுறையாக எதற்கு அஞ்சியது, எதற்கு வழிவிட்டது என்பது வெளியே வரும்.

வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இதற்குச் சரியான உதாரணத்தைக் கண்ணால் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான், ரீயூனியன் தீவில். மகள் குடும்பம் மொரீஷியஸ் கிளம்பியபோது என்னையும் அழைத்துப் போனார்கள். அங்கிருந்து ரீயூனியனுக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். மொரீஷியஸ் நம் பிள்ளைகளுக்குப் பழகிப்போன பெயர். தேனிலவுப் படங்கள் எல்லார் போனிலும் இருக்கின்றன. ரீயூனியன் என்றால் 'அது எங்கே இருக்கு?' என்பார்கள். மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் 2,512 சதுர கிலோமீட்டர் தீவு அது. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். செலவெல்லாம் யூரோவில். முதல் நாள் காபிக்குப் பில் வந்தபோது என் மருமகன் மனக்கணக்குப் போட்டதையும் அதற்குப் பிறகு அவர் முகம் போன போக்கையும் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அந்தத் தீவு நமக்கு ஒருவகையில் உறவு. பூமியின் ஆழத்திலிருந்து உருகிய பாறை மேலெழும் சூடான இடங்கள் சில உண்டு. அந்த இடம் ஏறக்குறைய நகராமல் நிற்க, அதன் மேலே இருக்கும் நிலத்தட்டு நகர்ந்துகொண்டே போகும். எரியும் விளக்கின் மேல் துணியை மெல்ல இழுத்தால் வரிசையாகப் பொசுங்குவதைப் போல. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த நெருப்பின் மேல் இருந்தது இந்தியா. தக்காணத்தின் கருங்குழம்புப் பாறைகளை அதுதான் பரப்பியது என்கிறார்கள் நிலவியலாளர்கள். அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தது அந்தப் பாறையில்தான். பிறகு இந்தியா வடக்கே நகர்ந்தது. போன வழியெல்லாம் தடம் விழுந்தது: லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மொரீஷியஸ், கடைசியாக ரீயூனியன். மொரீஷியஸின் அடுப்பு அணைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ரீயூனியனில் இன்னும் எரிகிறது. பாடப்புத்தகத்தில் இதை ஒரே பத்தியில் முடித்துவிடுவார்கள். எல்லோராவில் தொட்ட கல்லையும் இங்கே தொட்ட கல்லையும் நினைத்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பேரன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

எரியும் அந்த மலையின் பெயர் பித்தோன் த லா ஃபுர்னேஸ். உயரம் 2,632 மீட்டர். 17ஆம் நூற்றாண்டிலிருந்து 150 முறைக்கு மேல் வெடித்ததாகக் கணக்கு இருக்கிறது. சில வருடங்களில் இரண்டு மூன்று முறைகூட வெடிக்கும். தீவின் நடுவே இருக்கும் இன்னொரு மலை பித்தோன் தே நேஜ். 3,070 மீட்டர் உயரம். அது உறங்கிப்போன எரிமலை.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப்பமண்டலத் தீவு என்று அரைக்கால் சட்டையோடு மலைக்குக் கிளம்பாதீர்கள். விடியற்காலையில் மேலே பல் கிட்டிப்போகும் குளிர். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். இருட்டு பிரியுமுன் கிளம்பினவனுக்குத்தான் மலை தெரியும். விடுதியில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சாவகாசமாக வருகிறவர்கள் வெறும் பனிமூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். போகிற வழியில் மாடு மேயும் பச்சைப் புல்வெளி வரும். ஒரு வளைவு திரும்பியதும் பச்சை அப்படியே நின்றுபோய், சிவந்த எரிமலைப் பொடி நிறைந்த பெரிய வெளி ஒன்று விரியும். ப்ளேன் தே சாப்ள் என்று பெயர். வாயே திறக்காத என் பேத்தி அங்கேதான் "தாத்தா, இது வேற கிரகமா?" என்று கேட்டாள்.

பா த பெல்கோம்ப் என்ற விளிம்போடு சாலை முடிகிறது. கீழே செங்குத்தான சுவர், அதற்கப்பால் எரிகுழம்பு உறைந்து கறுத்த மாபெரும் தளம், நடுவில் மலை. சுவரில் 500-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, பாறைகளில் வெள்ளைச் சாயத்தால் போட்ட குறிகளைப் பிடித்துக்கொண்டே நடந்தால் உச்சி வரை போய்வரலாம். படிகளின் தலைப்பில் ஒரு கேட் இருக்கிறது. நாங்கள் போன அன்று அது பூட்டியிருந்தது.

மலைக்குள் எரிகுழம்பு அசைகிறதா என்று இரவு பகலாகக் காது வைத்துக் கேட்கும் ஆய்வகம் ஒன்று போர்க் முரா என்ற ஊரில் இருக்கிறது. 1977 வெடிப்புக்குப் பிறகு அமைத்தார்கள். குழம்பு மேலே வர முயலும்போது பாறை விரிசல் விடும். சின்னச் சின்ன நடுக்கங்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகும். மலையின் மேனி சென்டிமீட்டர் கணக்கில் வீங்கும். வெளிவரும் வாயுவின் சேர்க்கை மாறும். இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் நிர்வாகம் உள்ளே இருப்பவர்களை வெளியேற்றிக் கேட்டைப் பூட்டிவிடும். அன்றைக்கும் அப்படித்தான்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு உள்ள போகாம எப்படித் தாத்தா? கம்பியைத் தாண்டினா யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் பேரன்.

நான் பதில் சொல்லுமுன் பக்கத்தில் வந்து இறங்கிய உள்ளூர்க் குடும்பத்தைப் பார்த்தான். கேட்டைப் பார்த்தார்கள், தோளைக் குலுக்கினார்கள், வண்டியிலிருந்து பாயையும் பெரிய பாத்திரத்தையும் இறக்கினார்கள். சோறு, கறி, பீன்ஸ், தக்காளித் துவையல் எல்லாம் வெளியே வந்தன. ஞாயிற்றுக்கிழமையானால் பாத்திரத்தோடு கிளம்பிவிடும் ஊர் அது. கேட் பூட்டியதால் அவர்களுடைய நாள் கெட்டுப்போகவில்லை. சாப்பிட்டு, சிரித்து, மலையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்துவிட்டு இறங்கினார்கள்.

அந்த வாரம் மலை வெடிக்கவே இல்லை. குழம்பு மேலே வராமல் உள்ளேயே நின்றுவிட்டது. "பாத்தீங்களா, சும்மா மூடியிருக்காங்க" என்று பேரன் ஊர் திரும்பும் வரை சொல்லிக்கொண்டிருந்தான். இதைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். எச்சரிக்கை பலிக்காமல் போனால் அது பொய் என்று நினைக்கிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. புயல் கரை கடக்காமல் திரும்பினால் வானிலைக்காரர்களைக் கிண்டல் செய்கிறோம். டாக்டர் எழுதிய பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் காசு போச்சு என்கிறோம். பத்து முறை வீணாகப் பூட்டலாம். ஒருமுறை பூட்டாமல் விடக் கூடாது.

நியூசிலாந்தில் வெள்ளைத் தீவு என்றொரு எரிமலைத் தீவு உண்டு. 2019 நவம்பர் 18 அன்று அதன் எச்சரிக்கை அளவை உயர்த்தினார்கள். சுற்றுலாப் படகுகள் மட்டும் நிற்கவில்லை. டிசம்பர் 9 அன்று அது வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். காசு கட்டி, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு போனவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். பணம் கட்டிவிட்டோம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதெல்லாம் நம்முடைய கணக்கு. மலைக்கு அந்தக் கணக்கு தெரியாது. வேலையிலும் கல்யாணத்திலும் வியாபாரத்திலும்கூட, 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்ற ஒரே காரணத்துக்காக மேலே காலெடுத்து வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் தீவின் கிழக்குக் கரைக்குப் போனோம். நான் தேடிய காலி இடம் அங்கே இருந்தது. மலையின் கிழக்குச் சரிவு கடல் வரை இறங்குகிறது. கிராண்ட் ப்ரூலே என்கிறார்கள். வெடிப்புகளில் பெரும்பாலானவை மலையைச் சுற்றி நிற்கும் செங்குத்தான மதில்களுக்குள்ளேயே அடங்கிவிடும். குழம்பும் இந்த வழியாகத்தான் கடலுக்கு ஓடும். அதனால் அங்கே ஊர் இல்லை. வடக்கே ஒரு கிராமம், தெற்கே ஒரு கிராமம், நடுவில் மலைக்கென்று விட்ட நிலம். ஒரே ஒரு சாலை மட்டும் குறுக்கே போகிறது. குழம்பு அதை மூடும்போது இரு பக்கமும் நிறுத்திவிடுவார்கள். ஆறியதும் அதன் மேலேயே புதிதாகச் சாலை போடுவார்கள். 2007 ஏப்ரலில் ஓடிய குழம்பு சாலையைப் பல பத்து மீட்டர் ஆழத்தில் புதைத்துவிட்டுக் கடலுக்குள் போய்ப் புது நிலத்தையே உண்டாக்கியது. அதே சமயம் மலையுச்சியின் பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. சாலையோரப் பலகைகளில் ஒவ்வொரு ஓட்டத்தின் வருடமும் எழுதியிருக்கிறது. புதிய ஓட்டத்தில் வெளிறிய பாசிதான் படர்ந்திருக்கும். அதற்கு முந்தியதில் பெரணி. இன்னும் பழையதில் மரம். வெறும் கல் காடாவது எப்படி என்பதைக் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நான் வகுப்பறையில் ஒரு முழு வாரம் எடுத்துக்கொள்ளும் பாடம் அது.

மலை எப்போதும் தன் பக்கத்தோடு நிற்பதில்லை. 1977-ல் மதிலைத் தாண்டி வெளியே வெடித்து, பித்தோன் சென்த் ரோஸ் என்ற ஊருக்குள் குழம்பு புகுந்தது. வீடுகளும் காவல் நிலையமும் போயின. ஊரை முன்னதாகவே காலி செய்துவிட்டதால் உயிர்கள் தப்பின. மாதா கோயில் வாசலுக்கு வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து சுவர்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இன்று அந்தக் கோயிலின் பெயரே குழம்பு மாதா கோயில். பக்தர்களுக்கு அது அற்புதம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, வாசல் பக்கக் குழம்பை அவர்கள் அப்புறப்படுத்தாமல் அப்படியே விட்டிருப்பது. ஞாயிறு தோறும் அதைத் தாண்டித்தான் ஜெபத்துக்குப் போகிறார்கள்.

இப்படி வழிவிட்டு நிற்பதைத் தீவு முழுவதும் பார்க்கலாம். சுறா தாக்கிப் பலர் இறந்த பிறகு, 2013 முதல் பவழத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமற்ற நீரிலும் காவலுள்ள சில இடங்களிலும் மட்டும்தான் குளிக்கலாம். தலைநகர் சென் தெனியிலிருந்து மேற்கே போகும் கரையோரச் சாலையில் மலையிலிருந்து கல் விழுந்துகொண்டே இருந்ததால், 5 கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலத்தைக் கடலுக்குள் கட்டி 2022-ல் திறந்தார்கள். பாறையோடு மல்லுக்கட்டாமல் சாலையை நகர்த்திவிட்டார்கள். பணமுள்ள நாடு, செய்ய முடிகிறது என்பதும் உண்மைதான். மழையையும் கேளுங்கள். 1966 ஜனவரியில் இந்தத் தீவின் மேட்டில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது, உலக சாதனை. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே 1,400 மில்லிமீட்டர் அளவுதான். அதில் நாலில் ஒரு பங்கு ஒரே நாளில் வந்தாலே நமக்குப் படகு தேவைப்படுகிறது. சதுப்பு நிலத்தில் மனை போட்டு விற்ற தலைமுறை என்னுடையது. உங்களுக்கு வாங்காமல் இருக்கும் புத்தியாவது வேண்டும்.

ரீயூனியனில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 1860-ல் பிரிட்டனோடு ஒப்பந்தமான பிறகு கூட்டம் பெருகியது. அங்கே நடந்த கொடுமைகள் வெளியே வந்து 1882-ல் பிரிட்டன் அதை நிறுத்தியது. அந்த மக்களின் கொள்ளுப்பேரர்களை மலபார் என்கிறார்கள். பேச்சு கிரியோல், படிப்பு பிரெஞ்சு, வீட்டுப் பெயர் சின்னசாமி. சந்தையில் முருங்கைக் கீரை கட்டுக் கட்டாக விற்கிறது. அங்கேயும் அதன் பெயர் ஏறக்குறைய முருங்கைதான். திரௌபதி அம்மனைப் பாண்டியாலே என்று கும்பிட்டு இன்றும் தீ மிதிக்கிறார்கள்.

அந்தத் தீமிதியைப் பற்றி ஒரு பூசாரியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பேரன்தான் பிரெஞ்சுக்கும் எனக்கும் நடுவில் போனை வைத்து மொழிபெயர்த்தான். பதினெட்டு நாள் விரதம். கறி, மது, தாம்பத்தியம் எதுவும் கிடையாது. இரவில் பாரதக் கூத்து. அதற்குப் பிறகே குண்டம். திடீரென்று வேகம் வந்து யாராவது இறங்கப் பார்த்தால் பிடித்து நிறுத்திவிடுவார்களாம். நெருப்புக்குப் பக்கத்தில் போக அந்த மக்களுக்குப் பயமில்லை. முறை இல்லாமல் போவதைத்தான் அனுமதிப்பதில்லை. கேட்டைத் தாண்ட நினைத்த பையன் மொழிபெயர்த்து முடித்துவிட்டு அன்று மாலை வரை ஒன்றும் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் திருப்திதான்.

பெரியதைக் கண்டால் விலகி நிற்பது மட்டும் போதாது. சின்னதைக் கண்டால் குனிந்து பார்க்கவும் வேண்டும். அதற்கும் இந்தத் தீவில் ஆள் உண்டு. மெக்சிகோவின் வெனிலாக் கொடியை 1820 வாக்கில் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். கொடி படர்ந்தது, பூத்தது. காய் மட்டும் இல்லை. மெக்சிகோவில் மகரந்தம் சேர்க்கும் தேனீ இங்கே கிடையாது. பூவோ ஒரு காலைப் பொழுதுதான் விரிந்திருக்கும். 1841-ல் சென்த் சுசானில் 12 வயது அடிமைச் சிறுவன் எட்மோன் அதற்கு வழி கண்டுபிடித்தான். பூவுக்குள் மகரந்தத்தையும் சூல்முடியையும் பிரிக்கும் மெல்லிய சவ்வு இருக்கிறது. சின்னக் குச்சியால் அதைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான். காய் பிடித்தது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. தோட்டம் தோட்டமாக அவனை அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். பெயர் பெற்ற தாவரவியலாளர் ஒருவர் அந்தப் பெருமை தனக்கே என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். விடுதலைக்குப் பிறகு எட்மோனுக்கு ஆல்பியுஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1880-ல் வறுமையில் இறந்தார். இன்றைக்கும் வெனிலாத் தோட்டங்களில் அந்தக் குச்சியும் கட்டைவிரலும்தான் வேலை செய்கின்றன. அடுத்தமுறை வெனிலா ஐஸ்கிரீம் வாங்கும்போது பெயரைச் சொல்லிச் சாப்பிடுங்கள்.

எரிமலையைப் பார்க்க ஆயிரம் பேர் வந்தார்கள். பூவைப் பிரித்துப் பார்த்தவன் ஒருவன். கேமரா இரண்டையும் ஒரே அளவில்தான் காட்டும். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் என்று ஓடுகிறவர்களுக்கு இரண்டுமே தெரியாது. நிறைய இடம் பார்த்தேன் என்று பட்டியல் சொல்லும் பிள்ளைகளிடம் நான் கேட்பது, 'எந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாய்?' என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது.

போக நினைக்கிறவர்கள் மே முதல் நவம்பருக்குள் போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். மலைக்குக் கம்பளி, நல்ல ஷூ, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கேட் பூட்டியிருந்தால் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறங்கள். திரும்பும் நாளைக் கடைத்தெருவில் தொலைத்துவிடாமல் கிராண்ட் ஷலூப் போய்வாருங்கள். 1860-களில் கப்பலிலிருந்து இறங்கிய கூலிகளை நோய்க்குப் பயந்து அடைத்துவைத்த தனிமைக் கட்டடங்கள் அங்கே இருக்கின்றன. ஒன்றைச் செப்பனிட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களிலிருந்து போனவர்கள் இந்தத் தீவில் முதலில் படுத்த தரை அது. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. நீங்கள்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும். சென் தெனியிலிருந்து லா பொசெஸியோன் போகும் வழியில்தான் இருக்கிறது.